முகம் திருப்பியவர்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஹேரிம் மாமனாரின் உதடுகளை ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தாள். பிராணவாயு முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்குவது, இரண்டு முறை ஒற்றுவது, மறுபடியும் ஏற்றிவிடுவது. காலையிலிருந்து எத்தனை முறை செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாமியார் ஓக்சூன் சாப்பிடுவதற்காகக் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வேலையிடத்திலிருந்து கிளம்பிவிட்டதாகக் கணவன் தேஹோவிடமிருந்து செய்தி வந்திருந்தது. மதியம் ஒன்றரை மணி. அறையில் அவளும் அவரும் மட்டும்தான்.

இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் போன பிறகு வயதான நர்ஸ் ஒருத்தி, "பேசிட்டே இருங்க. மத்ததெல்லாம் நின்னுபோனாலும் காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலின் வலப்பக்கம் மாமியாரின் முக்காலியும் பிராணவாயுக் குழாயும். இடப்பக்கம் ஜன்னலை ஒட்டி இருந்த குறுகிய இடத்தில் ஹேரிம் நின்றிருந்தாள். என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த மனிதரோடு அவள் பேசுவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது.

ஹேரிம் இக்சான் நகரத்தின் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு நூன்ச்சி அதிகம் என்று கடை முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். வாய் சொல்வதை விட்டுவிட்டு உடம்பு சொல்வதைக் கேட்கிற சாமர்த்தியம் அது. அந்த ஊரில் அது இல்லாதவர்கள் பிழைப்பது கஷ்டம். நன்றாக இருக்கிறது என்று சொல்கிற வாடிக்கையாளரின் கட்டைவிரல் கண்ணாடிக் காம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பிடிக்கவில்லை, விலைதான் தடுக்கிறது என்றால் தோள் ஒரு பக்கம் சாயும், பாதம் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இனி எதை எடுத்துக் காட்டியும் பயனில்லை. பதினைந்து வருடத்தில் அவள் கணிப்பு தப்பியது அபூர்வம்.

அதனால்தான் மாமனாரின் மனதைப் படிக்க அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மாமனார் மா பொங்து நாற்பது வருடம் கல்குவாரியில் வேலை செய்தவர். கல்தூசி நுரையீரலை அடைத்து, மூச்சுவிடவே சிரமப்பட ஆரம்பித்ததும், நான்கு வருடங்களுக்கு முன்னால் அவரையும் மாமியாரையும் தேஹோ தன் வீட்டுக்கே அழைத்துவந்தான். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அவருக்கு வலப்பக்கம் மாமியார் உட்கார்ந்தார். அவரை அடுத்துத் தேஹோ. வலப்பக்கத்து ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் பேரன் சுஹோவை இடித்துக்கொண்டு உட்காரவைத்தார்கள். எதிர்ப்பக்கம் முழுவதும் காலியாகக் கிடந்தது. ஹேரிம் அங்கே உட்கார்ந்து, கடையில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் மாமனார் முகத்தை இடப்பக்கமாக, ஜன்னல் பக்கம், திருப்பிக்கொண்டார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் முகம் ஜன்னலுக்குப் போகும். பிறகு, "ம், இருக்கு" என்று பதில் வரும். சுஹோவின் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னாலும் ஜன்னல்தான். மகன் பேசும்போதோ மனைவி பேசும்போதோ அவர் அப்படிச் செய்ததில்லை. பிடிக்காத ஆட்டிறைச்சி வாசனைக்கு மூக்கைத் திருப்புகிற மாதிரி, தன் குரல் கேட்டதும் ஒரு மனிதர் முகத்தைத் திருப்பினால் அதற்கு வேறு அர்த்தம் உண்டா? மருமகள் வாயாடி, அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் அப்படித்தான் படித்தாள். தேஹோவிடம் ஒருமுறை சொன்னபோது, "அப்பா யார்கிட்டதான் நல்லாப் பேசியிருக்காரு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். இரண்டரை வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேசையில் வாய் திறப்பதை நிறுத்திக்கொண்டாள். அவருடைய மாத்திரை, நீராவி, சளிக் கிண்ணம், நடுராத்திரியில் எழுந்து முதுகைத் தட்டிக்கொடுப்பது, எதிலும் குறை வைக்கவில்லை. பேச்சை மட்டும்தான் நிறுத்தினாள்.

இப்போது பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் பக்கம் குனிந்தாள். நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லத்தான் குனிந்தாள். வாய்க்கு வந்தது வேறு.

"மாமா, நான் வாயெடுத்தாலே முகத்தத் திருப்பிக்குவீங்க. நாலு வருஷம். நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்றாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "நீங்க போனா எனக்கு அழுகை வராது மாமா. போயிருங்க. நானும் கொஞ்சம் மூச்சு விடணும்."

அவர் இமை துடித்தது. இடது கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் வழிந்து காதோரத்து நரைமுடிக்குள் போனது. போர்வையின் மேல் கிடந்த விரல்கள் துணியைப் பிடித்துச் சுருட்டின, பிறகு விட்டன.

மாமியார் திரும்பி வந்தபோது அந்த ஈரம்கூடக் காய்ந்திருக்கவில்லை. இருபது நிமிடத்தில், தேஹோ வந்து சேர்வதற்கு முன்னாலேயே, பொங்துவின் மூச்சு நின்றுவிட்டது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்திலேயே சாவு மண்டபம். மூன்று நாள் சடங்கு. வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே, பத்து வருடத்துக்கு முந்தைய படத்தில், பொங்து கோட்டு போட்டுக்கொண்டு இருந்தார். கறுப்புடை உடுத்தி, தலையில் வெள்ளை நாடா குத்தி, ஹேரிம் வந்தவர்களுக்குக் காரமான மாட்டிறைச்சிச் சூப்பையும் சோற்றையும் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். படத்தின் பக்கம் மட்டும் அவள் கண் போகவில்லை.

காது கடைசி வரைக்கும் கேட்கும். அந்த நர்ஸ் சொன்னது ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கிறார். கேட்டு, அழுது, கேட்டபடியே போய்விட்டார்.

மாமியார் அறைக்குள் நுழைந்தபோது அவள் எப்படி நின்றிருந்தாள்? முகம் எப்படி இருந்தது? கதவுக்கு வெளியே மாமியார் நின்று கேட்டிருப்பாரோ? ஹேரிம் அவருடைய கைகளைப் பார்த்தாள், தோள்களைப் பார்த்தாள். எழுபத்து மூன்று வயதில், தூக்கமில்லாமல், தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உடம்பு. அதற்கு மேல் எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை. ஒருமுறை மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டபோது ஹேரிமின் கையிலிருந்த தட்டு சரிந்து, முள்ளங்கி ஊறுகாய் தரையெல்லாம் சிதறியது.

நாத்தனார் மிரன் ஓடிவந்து சேர்ந்து பொறுக்கினாள். "அண்ணி, நீங்க கொஞ்சம் படுங்க. நாலு வருஷம் நீங்கதான பாத்தீங்க. எங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

ஹேரிமால் அதைக் கேட்க முடியவில்லை. கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

இரண்டாம் நாள் மதியம் உடலைப் பெட்டியில் வைக்கிற நேரம். குடும்பத்தார் நான்கு பேரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பொங்து சணல் துணியில் சுற்றப்பட்டு மேசைமேல் கிடந்தார். முகத்தை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்கள். சவரம் செய்து, தலைவாரி, முகமூடியின் தழும்புகள் மறைந்து, கொஞ்சம் இளைப்பாறிய மாதிரி இருந்தார். சடங்கு செய்கிறவர் வெள்ளைக் கையுறை போட்ட கைகளைக் கோத்துக்கொண்டு, கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம் என்று தணிந்த குரலில் சொன்னார்.

தேஹோ அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மன்னித்துக்கொள்ளச் சொன்னான். ஏன் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. மிரன் பேச முடியாமல் அழுதாள். மாமியார் துணியின் மடிப்பை நீவிவிட்டு, குளிருமோ என்று மட்டும் கேட்டார். பிறகு எல்லாரும் ஹேரிமுக்காகக் காத்திருந்தார்கள்.

அவர்கள் மூவரும் ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். ஹேரிம் மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். நேற்றுக் குனிந்த அதே பக்கம். சொன்னதை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது? காதருகே குனிந்தாள். உதடு பிரிந்தது.

"அந்தப் பக்கம் இல்ல, சுஹோ அம்மா" என்றார் மாமியார். "இந்தப் பக்கம் வா. அந்தக் காதுதான் அவருக்குக் கேக்காதே."

ஹேரிம் குனிந்தபடியே நின்றாள்.

"அம்மா, இப்ப எந்தக் காதுல சொன்னா என்ன?" என்று மிரன் அழுகைக்கு நடுவே சொன்னாள்.

"இருந்தாலும்" என்றார் மாமியார். "கேக்கிற காதுல சொல்லட்டும்."

தேஹோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், மூக்கால் வெளியே வந்தது. மிரனும் அழுதுகொண்டே சிரித்தாள். சடங்கு செய்கிறவர் தரையைப் பார்த்தார்.

"கேக்காதா?" என்றாள் ஹேரிம்.

"நான் பொறக்கிறதுக்கு முன்னாலேயே போச்சு. அந்தக் காது சுத்தமா செவிடு" என்றான் தேஹோ. "உனக்குத் தெரியாதா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். வலது காதருகே குனிந்து, மாமா என்றாள். இன்னொரு முறை மாமா என்றாள். அதற்குள் இரண்டு நாளாக வராத அழுகையெல்லாம் வாய்விட்டு வந்தது. மூடிய கதவுக்கு வெளியே அதைக் கேட்ட சொந்தக்காரப் பெண்கள், இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். மிரன் பிறகு சொன்னாள்.

பின்னறையில் மாமியார் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முழுவதையும் சொன்னார். பொங்துவுக்கு அப்போது முப்பத்தோரு வயது. தேஹோ வயிற்றில் இருந்தான். பாறைக்கு வைத்த வெடி, அவர் ஒதுங்குவதற்குள் வெடித்து, இடது காது போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று மறைத்தார். யாராவது எதிரில் நின்று பேசினால் முகத்தை இடப்பக்கம் திருப்பி, நல்ல காதை அவர்கள் பக்கம் கொடுத்துவிடுவார். அப்படியே நாற்பது வருடமாகப் பழகிப்போனது. பிள்ளைகள் தவழும்போதே வலப்பக்கம் வந்து உட்காரக் கற்றுக்கொண்டார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நான் உன்கிட்ட சொன்னதே இல்லையா?" என்று தேஹோ கேட்டான். உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான். "தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்."

ஹேரிமின் மனதில் அந்த மேசையும், காலியாகக் கிடந்த எதிர்ப்பக்கமும், ஜன்னலைப் பார்த்துத் திரும்பும் அந்த முகமும் வந்து நின்றன. வலது காது நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமியார் சொன்னார்: "போன வருஷம் ஒருநாள் என்னைக் கேட்டாரு. ஏன்டி, எனக்கு இந்தக் காதும் போயிருச்சா, மருமக பேசறதே கேக்க மாட்டேங்குதேன்னு. நான்தான், இல்ல, அவளுக்கு வேலை ஜாஸ்தி, அலுத்துப்போய் வர்றான்னு சொன்னேன்." பிறகு சூப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டு நாளா நீ எதுவும் சாப்பிடல. சாப்பிடு."

சூப்பு ஆறிப்போய்ச் சிவப்பு எண்ணெய் மேலே படிந்திருந்தது. ஹேரிம் சோற்றை அதில் கொட்டிக் கலந்து சாப்பிட்டாள். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அவள் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள். கிண்ணம் காலியானதும் தானே எழுந்து போய் இன்னொன்று வாங்கிவந்து அதையும் முடித்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது தெரிந்துகொண்டுதான் பார்க்கிறாரா என்று ஹேரிம் அவர் முகத்தில் தேடவில்லை.

காலிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்கதவு திறந்திருந்தது. வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ரப்பர் காலணி போட்ட சமையல்காரப் பெண் ஒருத்தி வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டிருந்தாள். யார், எந்த வீட்டுச் சாவு என்றெல்லாம் கேட்கவில்லை. நகர்ந்து இன்னொரு பெட்டியைக் காலால் தள்ளினாள்.

ஹேரிம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். வேர் மண்ணும் வெங்காயத்தாளும் சேர்ந்து மணத்தது. திடீரென்று அவளுக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்தது. தாடை நெறிபட, கண்ணில் நீர் முட்ட, மறைக்கக் கையைத் தூக்கவும் தோன்றாமல் கொட்டாவி விட்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கத்தியும் வெங்காயத்தாளும் கையில் அப்படியே நிற்க, அவளுக்கும் கொட்டாவி வந்தது.