றொசலியா பிடித்த பிடி

“நேர்த்தி வைச்சது இஞ்சை, தீர்த்தது அங்கை! ஆரும் அப்பிடிச் செய்வினமோ—”

“மாதா எங்கையும் ஒருத்திதானே, கத்தாதேங்கோ—”

“றொசலியா மாதா இல்லையடி! அவ வேற ஆள். இன்னும் பிடிச்ச பிடியை விடேல்லை!”

பலேர்மோ நகரின் சீசாப் பகுதியில், ஒரு நாலாம் மாடியில் பேனாட்டும் மனைவி அற்புதமலரும் இப்படிச் சத்தம்போட்டதற்கு முதல்நாள், நாப்போலிக்குப் போகும் கப்பல் நகரவில்லை. அவர்களுடைய மகன் கொன்ஸ்ரன்ரைன் அதில் இருந்ததுதான் காரணம். இயந்திரம் ஓடியது, தண்ணீர் நுரைத்தது, தக்காளி லொறிக்காரர் தூஷணத்தில் இறங்கினார்கள். கப்டன் மரியாதையாகக் கேட்டு அவனை இறக்கிவிட்டதும் கப்பல் புறப்பட்டுப் போனது.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, குடும்பம் இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ இழுபட்டது. பிள்ளையை இந்த நகரத்திலிருந்து ஒருவரும் அகற்றக்கூடாது, கடதாசி கிடைத்தால் வெறுங்காலோடு மலையேறி வருவேன் என்று அற்புதமலர் பெல்லெக்ரீனோ மலையில் நகரத்தின் காவல் புனிதையான சாந்தா றொசலியாவிடம் நேர்ந்தாள். கடதாசி கிடைத்தது. அந்த ஆவணியில் தனியாக மன்னாருக்குப் போனவள், மடு மாதா கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்து நேர்த்தியைத் தீர்த்துவிட்டு வந்தாள். றொசலியாவுக்கு அதை ஒருவரும் அறிவிக்கவில்லை.

ஆகவே றொசலியா பிள்ளையைப் பிடித்தபடியே இருந்தாள். பதினேழு வயதில் பல்லறோ சந்தையில் அவனில் மோதிய ஸ்கூட்டர் வளைந்தது. மன்னிப்புக் கேட்டது அவன்தான். இதைக் கண்ட றக்பிப் பயிற்சியாளர் ஒருவர், இரண்டு அணியும் தோள்கொடுத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் அவனை முன்வரிசையில் நிறுத்தினார். பிறகு பலேர்மோவில் அந்த அணி தோற்கவில்லை. வெளியூர்ப் போட்டிகளுக்கு அவன் ஏறிய பஸ் நகர எல்லையில் சில்லு சுற்றிக்கொண்டே நிற்கும். அவன் இறங்கினால் போகும். அங்கே அணி தோற்கும். இப்படிப் புள்ளிப்பட்டியலின் நடுவிலேயே பத்து வருடம் போயிற்று. கத்தானியா அணிக்காரர் முறைப்பாடு செய்தார்கள். நடுவர் அவனுடைய சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தார். சப்பாத்து சாதாரணமானது.

இப்போது வடக்கில் ஒரு பெரிய கழகம் கூப்பிட்டிருந்தது. கொன்ஸ்ரன்ரைனுக்கு இருபத்தேழு வயது. இனி யாரும் கூப்பிடப்போவதில்லை.

“போய் மலையேறு. அவ விடட்டும்,” என்றார் பேனாட்.

“விட்டால் பிள்ளையைத் தள்ளி விழுத்துவாங்கள். பிறகு அந்தக் கழகம் வைச்சிருக்குமோ?”

மகன் கோப்பியை வைத்தான். “பஸ்தா, போதும் அம்மா. மற்ற எல்லாரையும் தள்ளுறாங்கள்தானே. என்னையும் தள்ளட்டும். நீங்க போங்கோ.”

வியாழக்கிழமை பின்னேரம், வேலைசெய்யும் சிஞ்ஞோரா வீட்டில் லீவு கிடைக்கும் நேரத்தில், அற்புதமலர் செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறினாள். “பிந்திப்போச்சு, குறைநினையாதேங்கோ,” என்று தமிழிலேயே சொன்னாள். இத்தனை வருடம் இந்தச் சனம் வந்து அழுததில் றொசலியாவுக்குத் தமிழ் பழகியிருந்தது. அதே மணிக்கு பஸ்ஸில் மரக்கறிப் பையோடு வந்த ஒரு கிழவி கொன்ஸ்ரன்ரைனை முழங்கையால் இடித்தாள். அவன் அரையடி நகர்ந்தான். கிழவி ஒன்றும் கவனிக்காமல் இறங்கிப் போனாள்.

அடுத்த கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டது. வடக்கில் அவனை மாற்று வீரர்களோடு உட்கார வைத்தார்கள். மூன்றாம் கிழமை, கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்கினார்கள். ஸ்க்ரம் அவனை மூன்றடி பின்னே கொண்டுபோய் மல்லாக்கப் போட்டது. அற்புதமலர் அதை போனில் பார்த்தாள். சிஞ்ஞோராவின் சட்டை அயன்பெட்டிக்குக் கீழே கருகி மணக்கத் தொடங்கியது. ஆட்டம் முடிய அவனே போன் எடுத்தான். திரையில் நெற்றியெல்லாம் சேறு, உதடு வீங்கியிருந்தது.

“தம்பி,” என்றாள், “விழேக்கை நொந்ததோ?”