பன்னிரண்டாவது ஆட்டம்

லுப்வாமாவைப் புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் அவன் ஒரு புதுப் பாட்டுக்கு ஆடினான்.

அவன் அம்மா நந்தோங்கோ தெருமுனையில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தாள். எதிரே தலைபின்னும் கடை வைத்திருக்கும் நஸ்ஸாலி, போனும் கையுமாக ஓடிவந்து, காட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பாட்டுச் சத்தமே காட்டிக்கொடுத்துவிட்டது. நந்தோங்கோ போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மகன்தான். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, முட்டிவரை தொங்கும் மஞ்சள் சட்டை. பின்னால் பதின்மூன்று பிள்ளைகள். ஒருத்தி தண்ணீர் கேனைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டுகிறாள். செம்மண் புழுதி இடுப்புவரை கிளம்புகிறது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது லுப்வாமா கால் மடங்கித் தொப்பென்று விழுகிறான். எல்லாரும் ஆட்டத்தை நிறுத்தி அவனையே பார்க்கிறார்கள். மூன்று எண்ணுவதற்குள் துள்ளி எழுந்து, பொக்கை வாயைக் காட்டிச் சிரித்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டுகிறான். கம்பாலாவின் இந்தச் சந்தில் அவன் வெட்டும் அந்த ஒரு வெட்டுக்காக எந்தெந்த நாட்டிலோ ஆட்கள் காத்துக்கிடந்தார்கள்.

போனை நஸ்ஸாலியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நந்தோங்கோ நேரே கிகோஸியின் வீட்டுக்குப் போனாள். கிகோஸிக்கு இருபத்தாறு வயதுதான். ஆட்டக் குழு அவனுடையது. பதினான்கு பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு அவன் வீடுதான் வீடு.

"செத்த பிள்ளையை ஆட வெச்சுத்தான் சோறு பொங்கணுமாடா உனக்கு?" என்றாள் வாசலிலேயே.

"உட்காருங்க லுப்வாமா அம்மா."

"உட்காரவா வந்தேன்? அவன் போயிட்டான்னு சொன்னியா பார்க்கிறவங்ககிட்ட?"

"சொல்லலை." அவன் தலை நிமிரவில்லை. "சொன்னா ஒரு நாள் அழுவாங்க. மறுநாள் வேற ஊர்ப் பிள்ளைங்க ஆடறதைப் பார்க்கப் போயிடுவாங்க. நம்மகிட்ட அவங்க சிரிக்கத்தான் வர்றாங்க. அழறதுக்கு அவங்க வீட்டுலயே இருக்கும்ல?"

அவனைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது அவளுக்கு. ஆனால் புதைக்க ஊருக்குப் போன வேனில், சவத்துக்கான மரப்பட்டைத் துணி சுற்றிய அந்தச் சின்ன உடம்பை வழிநெடுக மடியில் வைத்துக்கொண்டு வந்தவனும் அவன்தான். அவள் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

படம் பிடிக்கிற வழக்கம் தெருவுக்கே தெரியும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நல்ல கேமரா ஒன்றை இரவல் வாங்கி, ஒரே நாளில் பன்னிரண்டு பாட்டுக்கு ஆடி எடுத்துவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு வேறு வேறு நாள் என்று தோன்றுவதற்காகப் பாட்டுக்குப் பாட்டு சட்டை மாற்றுவார்கள். லுப்வாமா மட்டும் மாற்ற மாட்டான், மஞ்சள் சட்டைதான் அவன் அடையாளம். பிறகு மூன்று நாளுக்கு ஒன்றாக அவற்றை இணையத்தில் வெளியே விடுவார்கள். அந்தச் சனிக்கிழமை லுப்வாமா பன்னிரண்டுக்கும் ஆடினான். புதன்கிழமை மலேரியா அவனைக் கொண்டுபோய்விட்டது.

ஆக, இன்னும் பதினொன்று மிச்சம் இருந்தது.

இரண்டாவதை அவள் பார்க்கவில்லை. மூன்றாவது வந்தபோது நஸ்ஸாலியின் கடைப்பக்கம் ஏதோ வேலையாகப் போகிற மாதிரிப் போனாள். நான்காவதிலிருந்து வெட்கத்தை விட்டுவிட்டாள்.

"வந்துட்டானா?"

"இப்பத்தான் வந்தான், வாங்க."

பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அழுவது எல்லாத் தாய்க்கும் வாய்க்கும். இவளுக்கு வாய்த்தது வேறு. ஒவ்வொன்றிலும் அவள் பார்த்தறியாத ஏதாவது ஒன்றை அவன் செய்தான். நான்காவதில் நழுவிய டிரவுசரை ஆட்டத்தை விடாமலே இழுத்துவிட்டுக்கொண்டான். ஆறாவதில் தண்ணீர் கேன்காரியிடம் ஏதோ சொல்லி அவளைத் தாளம் தப்ப வைத்தான். ஒன்பதாவதில் விழுந்து கிடந்தபடியே ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான், திருட்டுப் பயல். நந்தோங்கோ சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக அன்றெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதினொன்றாவது வந்த அன்றைக்கே மறுபடி கிகோஸியிடம் போனாள்.

"இன்னும் ஒண்ணுதானே இருக்கு?"

"ஒண்ணுதான்."

"அதை விடாத தம்பி. எனக்கும் காட்டாத. உன் போன்ல அப்படியே கிடக்கட்டும். நான் பார்க்காத அவன் ஆட்டம் ஒண்ணாவது உலகத்துல இருக்கட்டும். அதையும் பார்த்துட்டேன்னா எனக்கு அவன் அவ்வளவுதான்."

கிகோஸி போனைக் கவிழ்த்து வைத்தான். "அதுல அவன் விழுந்தவன் உடனே எழுந்திருக்கலை" என்றான் பிறகு. "நல்லா நடிக்கிறான்டான்னு நாங்க எல்லாரும் சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சிரிச்சேன். எழுந்திருடா போதும்னு கத்தினது என் குரல்தான். அதுலயே கேட்கும்."

"அன்னிக்குக் காலையிலேயே அவன் நெத்தி சுட்டுச்சு" என்றாள் நந்தோங்கோ. "எனக்குத் தெரியும். படம் எடுக்கிற நாள்னா வாழைக்காய் மசியலோட கறி போடுவீங்க. ஒரு வேளை நல்லாச் சாப்பிடட்டுமேன்னு அனுப்பினேன்."

விடமாட்டேன் என்று கிகோஸி சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தான்.

ஆனால் பார்க்கிறவர்கள் விடவில்லை. மஞ்சள் சட்டை எங்கே, விழுந்து எழுகிற பொடியன் எங்கே, உடம்பு சரியில்லையா என்று நாள் தவறாமல் எழுதினார்கள். அடுத்த படப்பிடிப்புச் சனிக்கிழமை, துவைத்த மஞ்சள் சட்டை கம்பியில் காய்ந்தது. நந்தோங்கோ அடுப்பருகில் இருந்தபடியே பார்த்தாள். குழுவுக்கு வந்து ஒரு மாதமே ஆன முகெர்வாவுக்கு அதை மாட்டிவிட்டார்கள். ஆறு வயது. அவனுக்கும் முன்பல் விழுந்திருந்தது. கிகோஸி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"முதல்ல முட்டியை மடக்கணும்டா, அப்புறம் தோளு" என்று தண்ணீர் கேன்காரி சொல்லிக்கொடுத்தாள். "மூணு எண்ணிட்டு எழுந்திரு. கண்ணைத் திறந்தியோ, உதைப்பேன்."

முகெர்வா விழுந்தான், எழுந்தான், இடுப்பை வெட்டினான். கூட்டம் ஓவென்று கத்தியது. சுற்றியிருந்த சின்னப் பிள்ளைகளுக்கும் கால் தரையில் நிற்கவில்லை. நன்றாகத்தான் ஆடினான் பாவி. ஒரு கணம் நந்தோங்கோவின் காலும் தாளம் போட்டது. அந்தக் காலை வெட்டிப் போடலாம் போல வந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள் படம் வெளியே வந்தது. "கீழ என்ன எழுதியிருக்காங்க, படி" என்றாள் நஸ்ஸாலியிடம்.

"வேணாமே."

"படிடீ."

நஸ்ஸாலி ஒவ்வொன்றாகத் தங்கள் பேச்சில் மாற்றிச் சொன்னாள். "எங்க செல்லம் திரும்பி வந்துட்டான்... கொஞ்சம் இளைச்சிருக்கான், நல்லாச் சாப்பாடு போடுங்க... இவன் சிரிப்பைப் பார்த்தாத்தான் எனக்குப் பொழுதே விடியுது..."

"இது வேற பிள்ளைன்னு ஒருத்தராவது சொல்லியிருக்காங்களா?"

நஸ்ஸாலி விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள்.

ஒரு மனிதர் கூடவா? பதினோரு ஆட்டம் ஆடிக் காட்டினானே, அந்த முகம் ஒருவர் மனதில்கூடவா பதியவில்லை? அவள் மகனைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் எல்லாரும் ஒரு சட்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"எழுது" என்றாள் நந்தோங்கோ.

"என்னன்னு?"

"நான் அவனைப் பெத்தவ. என் மகன் செத்துட்டான். அவ்வளவுதான். அவங்க மொழியில எழுது."

"கிகோஸிக்குக் கஷ்டம் வரும், லுப்வாமா அம்மா."

"வரட்டும்."

நஸ்ஸாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். நந்தோங்கோ கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாராவது ஒருவர், என் பிள்ளை போய்விட்டதற்காக ஐயோ என்று ஒரு சொல் சொல்லட்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

அரை மணி நேரத்தில் அதன் கீழே நாற்பது சிரிப்புப் பொம்மைகள் விழுந்திருந்தன. பதிலாக ஒருவர் மட்டும் எழுதியிருந்தார். யாரோ ஒரு அம்மாள், எந்த ஊரோ.

"என்ன சொல்றா?"

நஸ்ஸாலி மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தாள். "நல்ல மனசோடதான் போட்டிருக்காங்க" என்றாள். "'பயந்துட்டீங்களா அம்மா? நானும் முதல் தடவை பயந்துட்டேன். பாதியில நிறுத்தாதீங்க, கடைசிவரைக்கும் பாருங்க. எழுந்திருச்சிடுவான்.'"

நந்தோங்கோ போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரைக்கும் பார்த்தாள். எழுந்துவிட்டான்.