கையெழுத்துப் போடாத கை

“அந்த வைஃபை சிப்போட கையேடு எங்களுக்கு வேணும். முழுசா, வெளிப்படையா.”

உட்கார்ந்ததும் லோசா இப்படித்தான் ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த கூட்டாளி டிபேனே தலையில் கை வைத்துக்கொண்டான். ‘பழைய லேப்டாப் கேளு, நன்கொடை கேளு, அதை மட்டும் கேட்டுடாதே தங்கச்சி’ என்று ஓட்டாரா புறநகரிலிருந்து வரும் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

சிப் கம்பெனியின் ஆக்லாந்து மேலாளர் கிரெய்க் சிரித்தார். “நீங்க எழுதற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எத்தனை பேர் வெச்சிருக்காங்க? ஒரு வேன்ல ஏத்திடலாமா?”

“ரெண்டு வேன் வேணும். எங்க சர்ச் ஹால்ல பிள்ளைங்க படிக்கிற லேப்டாப் எல்லாம் அதுலதான் ஓடுது. பெரிய கம்பெனிக்காரங்க ‘கிழடு, தூக்கிப் போடு’ன்னாங்க. நாங்க எழுப்பி உட்கார வெச்சிருக்கோம். உங்க சிப்தான் வாயைத் திறக்க மாட்டேங்குது. வயர் இழுத்தாத்தான் நெட்.”

கிரெய்க் ஒரு தாளை நகர்த்தினார். “ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போடுங்க, கையேட்டைப் படிங்க. ஏன், இங்கேயே வேலைக்கும் வந்துடுங்க.”

டிபேனேயின் முகம் செத்தது. ரகசியக் கையேட்டைக் கையெழுத்துப் போட்டுப் படித்தவர், சிப்பைப் பேசவைக்கும் டிரைவரில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. அது அந்த சிஸ்டத்தை எழுதும் அவர்கள் கூட்டத்தின் கட்டுப்பாடு. கையேட்டைத் திருடி எழுதினார்கள் என்ற பேச்சு வந்தால் மொத்த சிஸ்டமும் கோர்ட்டு ஏறும். லோசாவை விட்டால் எழுதவும் ஆளில்லை. ஆனால் வேலை? வீட்டில் முதல் பட்டதாரி அவள். பட்டம் வாங்கிய அன்று கழுத்து மறைய மிட்டாய் மாலை போட்ட அம்மா, இந்த வேலையைப் பற்றிக் கேட்டால் சந்தோஷத்தில் தெருவையே கூட்டிவிடுவாள்.

லோசா பையிலிருந்து அதே சிப் உள்ள பழைய லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். வயர் எதுவும் இல்லாமலே திரையில் அந்த அலுவலக வைஃபையின் பெயர் வந்து நின்றது.

கிரெய்க் குனிந்தார். “கையேட்டை யாரு கொடுத்தது?”

“யாரும் கொடுக்கல. ஒவ்வொரு எண்ணா அனுப்பி, என்ன பதில் வருதுன்னு பார்த்துப் பார்த்து எழுதினேன். உங்க சிப்பே சொல்லிச்சு.”

“பேரு தெரியுது. கனெக்‌ஷன் நிக்குதா?”

“இல்ல. விழுந்துடுது.” சொல்ல அவளுக்கு வெட்கமாக இல்லை. “நிக்க வைப்பேன்.”

“கையெழுத்துப் போட்டா ஒரு வாரத்து வேலை.”

“போட்டா அது உங்க வேலை, கிரெய்க். இது எங்க வேலை.”

பேனாவை அவர் பக்கமே உருட்டிவிட்டு எழுந்தாள். டிபேனே பின்னாலேயே ஓடினான்.

“அம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?”

“சர்ச் ஹால் சாவி உன்கிட்டதானே இருக்கு? எடு, மிச்சத்தை எழுதணும்” என்றபடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள் லோசா.