விசில் சார் மாணவரான காலை

கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து அனுமதி வந்தபோது, பள்ளியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, விளையாட்டு ஆசிரியர் ஒருவரைத் தவிர. பிள்ளைகள் 'விசில் சார்' என்று அழைக்கும் அவருக்குப் பழைய அனுபவம் நிறைய. எது புதிதாக வந்தாலும் பிள்ளைகளை விளையாட்டு வகுப்பிலிருந்துதான் பிடுங்கிக்கொண்டு போவார்கள். பாட்டு ஒத்திகைக்கும் அப்படித்தான், பல் பரிசோதனைக்கும் அப்படித்தான்.

அவர் நினைத்ததைவிடவும் மோசமாகப் போயிற்று. தனிப் பயிற்சிக்கு வேறு இடமில்லை, பந்துகள் வைக்கும் அறையையும் ஒழித்துத் தர முடியுமா என்று தலைமையாசிரியை கேட்டார்.

"வகுப்பும் போச்சு, ரூமும் போச்சு. விசிலையும் கழட்டிக் குடுத்துடட்டுமா மேடம்?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்," என்றார் தலைமையாசிரியை, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள். சான்றிதழ்களைப் பார்த்தால் மூவரும் ஒன்றுபோலவே தெரிந்தார்கள். எதிரில் உட்காரவைத்து ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஆனால் தடுமாறும் ஒரு குழந்தையை அன்னியர் முன்னால் சோதனைப் பொருளாக உட்காரவைக்க அவருக்கு மனமில்லை. நானே தெரியாததுபோல் நடிக்கிறேன் என்று கணக்கு டீச்சர் முன்வந்தார். அதையும் ஒப்புக்கொள்ளவில்லை, நிஜமாகவே கணக்குத் தெரியாத ஆள்தான் வேண்டுமாம். இருவரும் ஒரே நேரத்தில் சன்னல் பக்கம் திரும்பினார்கள். மைதானத்தில் விசில் சார் வலை கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் உடனே சம்மதித்தார். மூன்று பேரையும் கழித்துக்கட்ட இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

ஆளுக்கு இருபது நிமிடம். முதலில் வந்த பெரியவர் கரும்பலகையை நிரப்பி, அழித்து, மறுபடி நிரப்பிவிட்டுப் புரிந்ததா என்று கேட்டார். நன்றாகப் புரிந்தது என்றார் விசில் சார். சொல்லி முடித்த பிறகுதான், ஒன்றும் புரியாதபோதும் பிள்ளைகள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கியது. இரண்டாவதாக வந்த இளைஞர் எதைச் சொன்னாலும் கைதட்டினார். நாற்பத்தெட்டு வயதில் ஏழும் எட்டும் பதினைந்து என்றதற்குக் கைதட்டு வாங்குவது விசில் சாருக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது ஒரு பெண்மணி. பிள்ளை வளர்ப்பதற்காக ஆசிரியர் வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இன்று மைதானத்தில் என்ன வேலை என்று விசாரித்தார். ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட வேண்டும் என்றார் இவர்.

"வெளிப்பக்கம் ஓடுறவங்களை ஏன் கொஞ்சம் முன்னாடி நிக்க வைக்கிறீங்க?"

விசில் சார் சிரித்தார். "வெளிவட்டம் நீளம் ஜாஸ்திங்க."

"எவ்வளவு ஜாஸ்தி?"

சிரிப்பு நின்றது. முன்பிருந்த விளையாட்டு ஆசிரியர் முடிச்சுப் போட்டுக் கொடுத்த ஒரு கயிற்றை வைத்துத்தான் இருபது வருடமாக அளக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐந்து பாதைக்குத்தான் முடிச்சு. ஆறாவது வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்க, அதனால்தான் பள்ளியில் ஐந்து பாதை என்றார் இவர்.

அந்த அம்மா பென்சிலை அவர் கையில் கொடுத்தார். நேரான பகுதி அடுத்தடுத்த இரண்டு பாதைக்கும் ஒன்றுதான். வளைவுகள் இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். அதுவரை விசில் சாரே சொல்லிவிட்டார். பாதையின் அகலம் ஒரு மீட்டர், அதனால் வட்டத்தின் குறுக்களவில் ஒரு மீட்டர் கூடும் என்று எழுதினார். தப்பு என்று அந்த அம்மா சொல்லவில்லை. எப்படி எடுத்தீர்கள், படத்தில் காட்டுங்கள் என்றார். காட்டப் போன விரல் பாதியில் நின்றது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு!

சுற்றளவுக்காக அதை மூன்று புள்ளி ஒன்று நான்கால் பெருக்கியதும் ஆறு மீட்டர் இருபத்தெட்டு சென்டிமீட்டர் என்று விடை வந்தது. அடுத்த பாதைக்குப் போட்டார், அதற்கும் அதேதான். நேரம் முடிந்தது என்று தலைமையாசிரியை கடிகாரத்தைக் காட்டியபோது, விசில் சார் நிமிராமலே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

மூன்றாமவரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்தான் முதலில் சொன்னார். அறையைத் தந்துவிடுவாராம், வகுப்பை மட்டும் தர மாட்டாராம்.

"இன்னிக்கு எனக்குப் புரிஞ்சது மைதானத்தை வெச்சுதான் மேடம். அங்கேர்ந்தே புள்ளைங்களைப் புடுங்கினா எப்படி?"

கணக்கு டீச்சர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், பிறகு வழிக்கு வந்தார். பிள்ளைகள் அவருடைய வகுப்பிலிருந்தே ஒவ்வொருவராகப் போவார்கள், வாரம் மூன்று முறை, பத்து வாரம். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு டீச்சர்களும் உட்கார்ந்து, யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள். பந்து மூட்டைகள் தலைமையாசிரியையின் அறைக்குப் போயின. அதில் விசில் சாருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

மூன்றாவது வாரம் ஒருநாள் மதிய இடைவேளையில் அவர் அந்த அறையை எட்டிப் பார்த்தார். இந்தச் சதவீதம் சதவீதம் என்கிறார்களே, அதில் தனக்கு ஒரு சின்ன சந்தேகம் என்றார் புது டீச்சரிடம்.

"பன்னெண்டு பேர் லிஸ்டுல இருக்காங்க சார். பதிமூணாவதா எழுதிக்கட்டுமா?"

உள்ளே ஒரு சிறுமி பென்சிலைக் கடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் சார் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எழுதிக்கோங்க," என்றார். "கணக்கு டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."