வெள்ளிக்கோடு மறைந்த கொடி

1962 டிசம்பரில் கொடைக்கானல் ஏரியோரத்துப் புல்லில் உறைபனி விழுந்தது.

அன்று வெள்ளனே காளியாயி தன் ஜன்னலில் தொங்கிய கொடிக்கூடையைக் கழற்றி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். அவள் பிறந்தது பூம்பாறையில், பூண்டு விளைவிக்கிற வீட்டில். குளிரைத் தாண்டவேண்டிய எதையும் அடுப்புக்கு மேலே புகையில் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். விதைப்பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே கூடையையும் கட்டினாள்.

கொடி வள்ளியுடையது. பழனிக்காரி. லைன்மேன் புருஷனோடு மலையேறி வந்து நாலைந்து வருஷம் அடுத்த வீட்டில் இருந்தவள். முதல் குளிரில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தவளுக்குக் காளியாயிதான் சட்டியில் கங்கு அள்ளிப்போய்க் கொடுத்தாள். அதன் பிறகு மத்தியானமெல்லாம் வள்ளி வீட்டு ஜன்னலடியில்தான். அவள் மிஷன் பங்களாவுக்குத் துணி தைப்பாள், இவள் பேரிக்காய் நறுக்குவாள். பங்களாவில் வள்ளி ஒடித்து வந்த கொடித்துண்டுதான் வளர்ந்து தலைக்கு மேலே தொங்கியது. இலையில் வெள்ளிக்கோடு, அடியில் கத்தரிப்பூ நிறம். காற்றில் இலை புரண்டால், “பாருக்கா, உள்பாவாடை தெரியுது” என்பாள் வள்ளி. தையல் நின்றுபோகும் அளவுக்குச் சிரிப்பார்கள்.

புருஷனுக்குப் பழனிக்கே மாற்றலாகிப் போனபோது வள்ளி கூடையை எடுத்துக்கொள்ளவில்லை. திரும்ப இங்கேயே மாற்றல் கேட்டு எழுதியிருப்பதாகவும், வரும்வரை பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னாள். கூடை நன்றாக இருந்தால் அவள் வந்துவிடுவாள் என்று காளியாயி மனதில் எப்படியோ பதிந்துபோயிற்று.

தையில் கோடு மங்கியது. மாசியில் இலையெல்லாம் வெறும் பச்சை. தண்டு மட்டும் நீண்டு, அடி இலைகள் உதிர்ந்தன. தண்ணீரைக் குறைத்தாள், பிறகு கூட்டினாள், சாணி கரைத்து ஊற்றினாள். சித்திரையில் வள்ளி வருவதாகப் பஸ் டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உருளைக்கிழங்கு மண்டியிலிருந்து வந்த புருஷன் ராமர் அண்ணாந்து பார்த்தார்.

“பூண்டோட சேத்துப் பொகை போட்டாச்சு. இனி வெதைக்கிற சோலிதான் பாக்கி.”

அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கித் திருப்பினாள். தகரக் கூரையின் ஓட்டைப் பக்கம் ஓடியிருந்த ஒரு நுனியில் மட்டும் கோடு இருந்தது. அங்கேதான் வெயில் விழும். இத்தனை நாள் குளிரையே நினைத்துக்கொண்டு கொடியை இருட்டில் போட்டுவைத்தது அப்போதுதான் புரிந்தது. கூடையை ஜன்னலுக்கே கொண்டுபோனாள். பச்சைத் தண்டுகளை வெட்டி, கோடு இருந்த நுனியை மண்ணில் ஊன்றினாள். ராத்திரியில் சாக்கு மூடினாள், விடிந்ததும் எடுத்தாள்.

சித்திரையில் வள்ளி வந்தபோது கொடி சாண் நீளம்தான் இருந்தது.

“என்னக்கா, குட்டையாப் போச்சு?”

காளியாயி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். “இப்பத்தான் கோடு திரும்புது. நீங்க மாத்தலாகி வர்றதுக்குள்ள பழையபடி ஆயிரும்.”

வள்ளி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். “இனி மலைக்கு வரமாட்டோம்க்கா. அவுக பழனியிலயே நின்னுக்கிறாக. வீடு கட்டிட்டோம்.”

கூடையை எடுத்துப் போகிறாயா என்று காளியாயி கேட்டாள்.

“அந்த வெயிலுக்குக் கருகிரும். இங்கேயே கெடக்கட்டும்.”

சாயங்கால பஸ்ஸில் வள்ளி பழனிக்கு இறங்கினாள். கூடை காளியாயி வீட்டு ஜன்னலில் இருந்தது.