கடைசி பெஞ்சு அம்மா

ஒரு வாரம் கூட இருந்து பிள்ளையைப் பழக்கிவிட்டுப் போங்கள் என்று சொல்லித்தான் விஜிலாவை அந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு வாரம் மூன்று வருஷமாகியும் முடியவில்லை. மகள் இசபெல்லா இப்போது மூன்றாம் வகுப்பு. விஜிலாவும் மூன்றாம் வகுப்புதான். கடைசி பெஞ்சின் ஓரம் அவள் இடம். ஏழாம் வாய்ப்பாடு பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்கு வந்துவிடும்.

இசபெல்லாவுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலி. பேச்சு வரும், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கேட்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். அதனால் தாயும் மகளும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். விஜிலா எழுந்து வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவாள். கேள்வியுமில்லை, கூச்சமுமில்லை. அவளுக்கு அதில் பெருமைகூட உண்டு.

கல்யாணத்துக்கு முன் துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தவள் அவள். அந்த ஆபீஸ் முதலாளி தாணுலிங்கம் அண்ணாச்சி மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிரும்மா. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்." அவளுக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. ஆனால் கணவன் ஆன்டனி கப்பலில். வீட்டில் வேறு ஆளில்லை. பிள்ளை தனியாகச் சமாளித்தால்தான் அவள் அசைய முடியும்.

வியாழன்தோறும் வரும் சிறப்பாசிரியர் கிருபாகரன், கெடு நாளான அந்த வியாழன் காலையில் ஒரு வழி சொன்னார்.

"பதினோரு மணி வரைக்கும் நீங்க உள்ள வரக்கூடாதுக்கா. எது வேணும்னாலும் அவளே கேக்கணும். கேட்டா, சமையல் பேச்சிச்செல்வியக்கா கூட்டிட்டுப் போவாவ. அவ கேட்டுட்டான்னா, துணைக்கு ஆள் வேண்டாம்னு நான் கையெழுத்துப் போட்டுருதேன், நீங்க தாராளமா வேலைக்குப் போங்க."

விஜிலா தலையாட்டினாள். மூன்று வருஷப் பழக்கம். பென்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

வராந்தா ஜன்னலோரம் மறைந்து நின்றாள். பத்தே கால் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு பென்சில் விழுந்தது.

பக்கத்துப் பிள்ளை பொன்செல்வி எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. மறுபடியும் எடுத்துக் கொடுத்தாள், நல்ல பிள்ளை. மூன்றாம் முறை உமாராணி டீச்சர் திரும்பிப் பார்த்தார். "ஏளா இசபெல்லா, பென்சில ஒழுங்கா பிடி."

அதன் அர்த்தம் தெரிந்த ஒரே பெரிய ஆள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே போனால் வேலை போச்சு. போகாவிட்டால் முப்பது பிள்ளைகள் முன்னால் மகள் பாவாடையை நனைத்துக்கொள்வாள். அப்புறம் பள்ளிக்கூடப் பக்கமே வரமாட்டாள். கேளுளா, வாயைத் திறந்து கேளுளா என்று கம்பியைப் பிடித்தபடி மனதுக்குள் கெஞ்சினாள். இசபெல்லாவின் முகம் சிவந்தது. கண்கள் கடைசி பெஞ்சைத் தேடின. அங்கே யாருமில்லை.

விஜிலாவுக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று வராந்தாவைச் சுற்றி உள்ளே போய் நாற்காலியைப் பிடித்தாள்.

அப்போதுதான் மகளின் வலது கையைப் பார்த்தாள். அதற்குள் அது காதுவரை உயர்ந்து நின்றது. வாய் திறந்திருந்தது. டீச்சரும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். அம்மாவைக் கண்டதும் கை மெல்ல இறங்கியது.

கிருபாகரன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். 'தாய் உடனிருப்பது அவசியம்' என்று ஃபைலில் எழுதினார். "அரையாண்டு முடியட்டும்க்கா, திரும்பப் பாப்போம்."

மிச்ச நேரமெல்லாம் விஜிலா பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் துறைமுக ரோட்டில் நிலக்கரி லாரிகளுக்கு ஒதுங்கி, நாற்காலியை நிறுத்திவிட்டு அண்ணாச்சிக்குப் போன் செய்தாள். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இசபெல்லா அண்ணாந்து அவளைப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. விஜிலா இந்த முறை முடிகிறவரை காத்திருந்தாள்.

"நான்... டீச்சர்ட்ட... சொல்லத்தாம்மா... போனேன். அதுக்குள்ள... நீ வந்துட்ட."