தங்கை தூக்கிய கை

அந்தப் பாலத்தில் பாதி தூரத்துக்குக் கைப்பிடி பச்சை, மீதி தூரத்துக்கு நீலம். பச்சை மேல்கரை கவுன்சில் அடித்தது, நீலம் கீழ்கரை கவுன்சில் அடித்தது. பெயின்ட் மட்டுமா? விளக்கிலும் அதே கூத்துதான். இந்தப் பாதியில் மஞ்சள் விளக்கு, அந்தப் பாதியில் வெள்ளை விளக்கு. பாலத்துக்கு நடுவில் ஒரு நாய் செத்துக் கிடந்தால் போதும், இரண்டு கவுன்சிலின் குப்பை வண்டியும் வந்து நின்று, தலை எந்தப் பக்கம் வால் எந்தப் பக்கம் என்று சண்டை போட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போகும். நாய் அங்கேயே கிடக்கும். இரண்டு தலைமுறை இப்படியே ஓடியது.

கடைசியில் மேலிடத்துக்கே பொறுக்காமல், இரண்டையும் சேர்த்து இனி ஒரே கவுன்சில் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அந்த உத்தரவு வந்த அன்று மேல்கரையின் தலைவராக இருந்தவள் பெரியவள். ஊருக்கு அவள் தலைவரம்மா. பிறந்த வீட்டில் பெரியவள், அவளுக்குப் பின்னால் வந்தவள் சின்னவள். நம் கதைக்கு அதுவே போதும்.

பெரியவள் லேசுப்பட்டவள் இல்லை. மூன்று முறை தலைவராக இருந்தாள். மேல்கரைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது அவளால். ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகக் கைக்குழந்தையோடு மாவட்ட அலுவலகம் வரை அலைந்த காலத்தை மாற்றி, மேல்கரையிலேயே ஓர் அலுவலகம் கட்ட வைத்தாள். அதன் அஸ்திவாரத்துக்கு ஜல்லி கொட்டிய அன்று, லாரிக்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று வெயிலில் நாள் முழுக்க நின்று, இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாள். அப்படிக் கட்டிய கட்டடம் அது.

சின்னவள் என்ன செய்தாள்? கீழ்கரையில் வாழ்க்கைப்பட்டாள், மருந்துக்கடை வைத்தாள், வருகிறவர்களிடம் சிரித்தாள். அவ்வளவுதான். போன தேர்தலில் கவுன்சிலர் பதவிக்கு நில்லுங்கள் என்று நாலு பேர் கேட்டார்கள், நின்றாள், ஓட்டை வாரிக்கொண்டு வந்தாள். இப்போது சேர்ந்த கவுன்சிலுக்கு முதல் தலைவர் சின்னவள்தான் என்று இரண்டு கரையிலும் ஒரே பேச்சு. மேல்கரை ஆட்களே பேசினார்கள். பெரியவள் காது கொடுத்துக் கேட்டாள், வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

புதிதாக வந்த எரிச்சலா அது? சின்னவள் பிறந்த நாளிலிருந்து இருப்பது. முடி அவளுக்கு அடர்த்தி. மார்க் அவளுக்கு அதிகம். பெரியவள் முட்டி மோதி வாங்கிய எதுவும் சின்னவளுக்குக் கேட்காமலே மடியில் வந்து விழும். "உனக்கென்னடி, எல்லாம் தானா வருது" என்று பெரியவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். சின்னவள் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் பெரியவளுக்கு ஆகவே ஆகாது.

தலைவரைத் தேர்ந்தெடுக்கிற கூட்டத்தன்று காலையில் பெரியவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர் செருப்பைத் துடைத்துக்கொண்டே வாயைக் கொடுத்தார்.

"என்ன, கொழுந்தியா இன்னிக்குத் தலைவராகப் போறா. ஸ்வீட்டு கீட்டு வாங்கிட்டுப் போகலியா?"

"உங்க வேலையப் பாருங்க."

"நான் பாட்டுக்குச் சொன்னேன். மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?"

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான்."

"அது சரி, எனக்குத் தெரியாதா?" என்று அவர் செருப்போடு வாசலுக்குப் போய்விட்டார்.

கூட்டம் கீழ்கரை மண்டபத்தில். மேல்கரை மண்டபம் சின்னது, பதினேழு உறுப்பினருக்கு நாற்காலி போட இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, போகட்டும். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தாள். இரண்டு கவுன்சிலின் பழைய தலைவர்கள் எல்லாரும் கண்ணாடிக்குள் வரிசையாக இருந்தார்கள். அவள் படம் வரிசையில் இல்லை. இடம் போதவில்லையாம், மாடிப்படி திரும்புகிற மூலையில் தீயணைப்புக் கருவிக்கு மேலே மாட்டியிருந்தார்கள். ஆனால் மேடைக்கு நேர் மேலே, நட்ட நடுவில், புதிதாக ஓர் ஆணி.

"அது யாருக்கு?" என்று கவுன்சில் செயலாளரைக் கேட்டாள்.

"புதுத் தலைவருக்கும்மா" என்றார் செயலாளர். வெள்ளந்தியான ஆள், எதை எங்கே சொல்வது என்று தெரியாது. "இன்னொண்ணும் சொல்லணும். ரொம்ப வருஷம் உறுப்பினரா இருந்தவங்கதான் முதல் கூட்டத்துக்குத் தலைமை. நீங்கதான். தலைமை தாங்குறவங்களுக்கு ஓட்டு கிடையாது. ரெண்டு பக்கமும் சமமா வந்தா மட்டும் உங்க ஓட்டு. ஆனா சமமால்லாம் வராதும்மா. தங்கச்சிக்கு ஒம்போது, எதிர்த்து நிக்கிற மரவாடிக்காரருக்கு ஏழு. ஊருக்கே தெரியும்."

தன் தங்கையை நாற்காலியில் உட்கார வைக்கிற கூட்டத்துக்குத் தானே மணி அடிக்க வேண்டும். இதைவிட வேறென்ன வேண்டும்? பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

சின்னவள் முன் வரிசையில் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் எழுந்ததைப் பார்த்து அவள் பக்கத்து வரிசை எழுந்தது, அதைப் பார்த்து மண்டபமே எழுந்தது. பார்த்தீர்களா, தனக்கு வருகிற மரியாதைகூட அவள் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. பெரியவளுக்கு அந்த இடத்திலேயே மணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம் போல இருந்தது.

முதலில் மரவாடிக்காரர் பேசினார். கீழ்கரையில் மரவாடி வைத்திருப்பவர், கட்டையை அறுக்கிற மாதிரியேதான் பேச்சும். "ஒரு கவுன்சிலுக்கு எதுக்கு ரெண்டு ஆபீஸ்? நான் வந்தா மேல்கரை ஆபீஸ மூடுவேன். மூடி, சாமான் போட்டு வைக்கிற இடமாக்குவேன். இத ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது." மேல்கரை உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள்.

அடுத்து சின்னவள். "மேல்கரை ஆபீஸ் அப்படியே இருக்கும். வயசானவங்க பாலம் தாண்டி வர வேண்டாம். அது எங்க அக்கா நின்னு கட்டின ஆபீஸ்" என்றாள். கை தட்டல் கூரையைப் பிய்த்தது. கட்டியவள் மேடையில் உட்கார்ந்திருக்கிறாள், கை தட்டல் பேசியவளுக்கு. பெரியவள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள், தண்ணீர் இல்லை, கீழே வைத்தாள்.

இப்போது ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மேல்கரை கவுன்சிலில் முதல் நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. தலைவர் பதவிக்கு நிற்கிறவர் தனக்குக் கை தூக்க மாட்டார், எதிராளிக்குத்தான் தூக்குவார். அந்தக் காலத்தில் முதன்முதலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் சம்பந்திகள். ஒருவருக்கொருவர் கை தூக்காவிட்டால் பெண் வீட்டில் கண்ணைக் கசக்குவாள் என்று பயந்து செய்தார்கள். அதுவே பெருந்தன்மை என்று பேராகி நிலைத்துவிட்டது. இரண்டு பேரும் மாற்றிப் போட்டால் கணக்கு அதேதான், யாருக்கும் நஷ்டமில்லை. பெரியவள் மூன்று முறையும் அப்படித்தான் எதிராளிக்குக் கை தூக்கினாள். மூன்று முறையும் ஊர் அவளை மெச்சியது. கீழ்கரையிலோ இந்த வழக்கம் கிடையாது. அங்கே அவனவன் கை அவனவனுக்கு.

"மரவாடிக்காரருக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்கலாம்" என்றாள் பெரியவள்.

ஆறு கை எழுந்தது. மரவாடிக்காரர் தன் கையையும் தூக்கினார், ஏழு. செயலாளர் குறித்துக்கொள்ளக் குனிந்தார். அப்போது முன் வரிசையில் எட்டாவதாக ஒரு கை மெதுவாக எழுந்தது. சின்னவளின் கை.

மண்டபத்தில் யாரோ "ஐயையோ" என்றார்கள். சின்னவளுக்குப் பின்னால் இருந்த கீழ்கரை ஆசிரியர், "என்னம்மா பண்றீங்க, கையக் கீழ போடுங்க" என்று அவள் தோளைத் தட்டினார். அவள் போடவில்லை. மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தூக்கியபடி இருந்தாள்.

மேல்கரை ஆட்களுக்குப் புரிந்துவிட்டது. "நம்ம வழக்கம்யா! நம்ம வழக்கத்த விடல பாரு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரவாடிக்காரரின் ஆட்கள்கூட அவளையே பார்த்தார்கள்.

பெரியவளுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. இது என்னுடையது. இந்த ஒன்றே ஒன்றுதான் என்னுடையது என்று இருந்தது. இவளுக்கு முடி இருக்கிறது, கடை இருக்கிறது, ஊர் இருக்கிறது, நாற்காலியும் கிடைக்கப்போகிறது. நான் எதிராளிக்குக் கை தூக்கிச் சம்பாதித்த பேரையும் என் கண் முன்னாலேயே எடுத்துக்கொள்வாளா? அதுவும் சிரித்துக்கொண்டே?

சின்னவளுக்கான கைகளை எண்ணினார்கள். எட்டு.

"எட்டுக்கு எட்டு. சமம்" என்று செயலாளர் சொன்னார். "தலைவரம்மா, உங்க ஓட்டு."

எல்லார் முகத்திலும் நிம்மதி. அக்காதானே, முடிந்தது என்று ஆசிரியர் சாய்ந்து உட்கார்ந்தார். மரவாடிக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு எழுந்திருக்கவே தயாராகிவிட்டார். மேல்கரை அலுவலகம் பெரியவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஜல்லி, வெயில், காய்ச்சல் எல்லாம் வந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே, தலைக்கு நேராக, அந்தக் காலி ஆணி இருந்தது. அதில் சின்னவளின் சிரித்த முகம் தொங்குவதை அவள் பார்த்தாள்.

"மரவாடிக்காரர்" என்றாள்.

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. செயலாளர் "அம்மா?" என்றார். மறுபடியும் சொன்னாள்.

பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "சொந்தத் தங்கச்சின்னு பாக்கலய்யா! நடுநிலைன்னா இதுதான்!" என்று கத்திவிட்டுக் கை தட்டினார். அது பற்றிக்கொண்டது. கீழ்கரை தட்டியது, மேல்கரையும் வேறு வழியில்லாமல் தட்டியது. தன் வாழ்நாளில் இத்தனை பெரிய கை தட்டலை அவள் வாங்கியதே இல்லை. ஆசைப்பட்டதுதான் அது. உட்கார்ந்த இடத்தில் கூசிப் போனாள்.

மரவாடிக்காரர் சொன்ன சொல் தவறாத ஆள். நாற்காலியில் உட்கார்ந்த சூட்டோடு, மாதக் கடைசியோடு மேல்கரை அலுவலகம் மூடப்படும் என்று முதல் அறிவிப்பைச் சொன்னார். பெரியவள் மேடையை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் மாடிப்படிக்கு நடந்தாள்.

படி திரும்புகிற மூலையில், அவள் படத்துக்குக் கீழே, சின்னவள் வந்து பிடித்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. சிரிப்பு இல்லை.

"அக்கா."

"என்னடி? நடுநிலையா இருக்கணும்ல. தலைமையில உக்காந்துட்டு தங்கச்சிக்குப் போட்டா ஊர் என்ன சொல்லும்?" என்று பெரியவள் படபடவென்று கொட்டினாள்.

"அது இல்லக்கா." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஒம்போது இருந்துச்சு. எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒண்ண எடுத்து அந்தப் பக்கம் போட்டா சமமாகும், சமமானா உன்கிட்ட வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் கை தூக்கினேன்."

"எதுக்கு?"

"எல்லாம் எனக்குத் தானா வருது, தானா வருதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே. இது ஒண்ணாவது நீ குடுத்து நான் வாங்கணும்னு ஆசையா இருந்துச்சுக்கா. வேற ஒண்ணும் இல்ல."

பெரியவள் முந்தானையை இழுத்துச் சொருகினாள். பொறாமைடி, வெறும் பொறாமை, உன் மேல எனக்கு எப்பவும் பொறாமைதான் என்று சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்தது. அதற்குள் மேலேயிருந்து அந்தப் பெரியவர் தடதடவென்று இறங்கி வந்து கும்பிட்டார்.

"மனுஷின்னா நீங்கதாம்மா. கூடப் பிறந்தவன்னும் விட்டுக்குடுக்கலியே!"

சின்னவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "ஆமாங்கய்யா. எங்க அக்கா எப்பவும் அப்படித்தான்" என்றாள்.

பெரியவர் தலையாட்டிக்கொண்டே போனார். சின்னவள் ஒரு நிமிஷம் அக்கா முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை மெல்ல விட்டாள். "பாத்துப் போக்கா, வெயிலா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அக்கா சொல்லாமல் விட்டது அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்தும்தான் அந்தப் பெரியவரிடம் அப்படிச் சொன்னாள்.

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வந்தது, ஆனால் அதற்கும் முன்னால், பழகின இடத்தில், வயிறு எரிந்தது. இந்த மனசும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும்?